பனியாற்றின் மேல் ஹெலிகாப்டர்: எடையும் விடியற்காலையும்

மணிவிழா முடிந்த கையோடு பெற்றோரைக் காசிக்கு அனுப்பிவைப்பது செட்டிநாட்டில் பழைய வழக்கம். நகரத்தார் சத்திரத்தில் தங்கி, அங்கிருந்து விசுவநாதர் கோயிலுக்குப் பூசைப் பொருள்கள் போகும் சம்போ ஊர்வலம் பார்த்து, விசுவநாதரைத் தரிசித்துத் திரும்பிய அந்தப் பயணம் இப்போது கேதார்நாத் வரை, காட்மாண்டு வரை நீண்டுவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஹெலிகாப்டர் டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்து அனுப்புகிறார்கள். டிக்கெட் எடுக்கும்போது பெரும்பாலும் பேச்சில் வராத ஒன்று, ஹெலிபேடுக்குப் போன ஐந்தாவது நிமிடம் கண்ணில் படும். அது ஓர் எடைமேடை. ஆச்சியைக் கைப்பையோடு அதில் ஏறச் சொல்வார்கள். ஐயாவைக் கோட்டோடு ஏறச் சொல்வார்கள். எண்களை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றாக வந்த குடும்பத்தை இரண்டாகப் பிரிப்பார்கள். சிலருக்கு அது மரியாதைக் குறைவாகப் படும். அந்தத் தாளில் நடக்கும் கணக்கு என்னவென்று தெரிந்தால் அப்படித் தோன்றாது.

ஹெலிகாப்டர் காற்றைக் கீழே தள்ளித்தான் மேலே நிற்கிறது. தள்ளுவதற்குக் காற்று கனமாக இருக்க வேண்டும். கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோ. கேதார்நாத் கோயில் இருக்கும் 3,583 மீட்டர் உயரத்தில் அது 70 சதவீதமாகக் குறைந்துவிடும். எவரெஸ்ட் பார்க்கப் போகிறவர்கள் இறங்கும் காலா பத்தர், ஏறத்தாழ 5,550 மீட்டர். அங்கே 57 சதவீதம்தான். கிணற்றில் இறைக்கும் வாளி ஒவ்வொரு முறையும் பாதிதான் நிறைந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே அளவு தண்ணீர் வேண்டுமென்றால் இரண்டு மடங்கு இறைக்க வேண்டும். அதோடு, இறைக்கிற ஆளும் அரை வயிற்றோடு நிற்கிறார். எஞ்சினும் அதே மெலிந்த காற்றைத்தானே குடிக்கிறது! மேலே சுழலும் இறக்கையான ரோட்டருக்குக் கூடுதல் வேலை, எஞ்சினுக்குக் குறைந்த பலம் என்று இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இறுக்குகிறது.

உயரம் செய்வதை வெயிலும் செய்யும். சூடான காற்று விரிந்து மெலியும். குறிப்பிட்ட உயரத்துக்கு உரிய நிலையான வெப்பத்தைவிடக் கூடுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 36 மீட்டர் உயரம் கூடியது போல ரோட்டர் உணரும். காரைக்குடி கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர்கூட இல்லாத ஊர். ஆனால் 40 டிகிரி அடிக்கும் மே மாத மதியத்தில், ஹெலிகாப்டருக்கு நம் ஊர்க் காற்று ஏறத்தாழ 1,000 மீட்டர் மலைக்காற்று மாதிரிதான் இருக்கும். மலையில் ஏற்கெனவே மெலிந்த காற்றோடு வெயிலும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். விடியற்காலைப் பறப்புக்கு இவ்வளவு கிராக்கி இருப்பதற்கு இது முதல் காரணம்.

இமயமலையில் சுற்றுலாவுக்கும் மீட்புக்கும் அதிகம் பறப்பவற்றுள் ஒன்று ஏர்பஸ் எச்125. பழைய பெயர் ஏஎஸ்350 பி3. 2005 மே 14 அன்று பிரான்ஸைச் சேர்ந்த திதியே தெல்சால் இந்த வகை ஹெலிகாப்டரை எவரெஸ்ட் உச்சியிலேயே இறக்கி, 3 நிமிடம் 50 நொடி நிறுத்திக் காட்டினார். எட்டாயிரம் மீட்டருக்கு மேலேயே இறங்க முடிந்த வண்டி ஐயாயிரத்தில் எங்கள் ஐந்து பேரைச் சுமக்காதா என்று கேட்கத் தோன்றும். அன்று அதில் அவர் ஒருவர்தான் இருந்தார். தேவையில்லாத பாகங்களையெல்லாம் முன்கூட்டியே கழற்றியிருந்தார்கள். அவர் சாதித்தது எடையைக் குறைத்துத்தான்.

இனி அந்தத் தாளுக்கு வருவோம். ஐந்தொகை எழுதிப் பழகியவர்களுக்கு இது எளிது. எச்125 புறப்படும்போது இருக்கலாம் என்று அனுமதித்த மொத்த எடை 2,250 கிலோ. கருவிகளோடு வெறும் வண்டி ஏறத்தாழ 1,300 கிலோ. விமானிக்கு 80 போக, மிச்சம் 870. மணிக்கு ஏறத்தாழ 150 கிலோ எரிபொருள் செலவாகும். இரண்டு மணி நேரத்துக்கு நிரப்பினால் 300 கிலோ. ஆளுக்கும் பைக்கும் மிஞ்சுவது 570. ஐந்து பேர் குளிருடையோடு 400 என்றாலும் கணக்கில் மிச்சமே நிற்கிறது. காட்மாண்டில் இந்தக் கணக்கு சரி. ஆனால் 2,250 என்ற எண் எல்லா உயரத்துக்கும் பொருந்தாது. எவ்வளவு உயரம், எவ்வளவு வெப்பம் என்று பார்த்து, அங்கே எவ்வளவு எடையோடு அந்தரத்தில் நிற்க முடியும் என்பதை வண்டியோடு வரும் கையேட்டு வரைபடத்தில் படித்தெடுக்க வேண்டும். மேலே போகப்போக அந்த எண் இறங்கிக்கொண்டே வரும்.

அதனால்தான் எவரெஸ்ட் பயணம் படிப்படியாக நடக்கிறது. 1,338 மீட்டரில் இருக்கும் காட்மாண்டு விமான நிலையத்திலிருந்து 2,845 மீட்டர் லுக்லாவுக்கு முக்கால் மணி நேரம் போல. அங்கே எரிபொருள் போட்டுக்கொள்வார்கள். அடுத்து 4,371 மீட்டரில் பெரிச்சே. இங்கேதான் குழுவைப் பிரிப்பார்கள். இரண்டு அல்லது மூன்று பேரை ஏற்றிக் காலா பத்தரில் விட்டுவிட்டு, மற்றவர்களைக் கொண்டுபோக வண்டி திரும்பி வரும். பைகள் கீழேயே நிற்கும். கணவன் மனைவி ஒரே நடையில் போக வேண்டும் என்றால் அதைப் புக்கிங்கின்போதே சொல்லிவிட வேண்டும். பெரிச்சேயில் நின்றுகொண்டு பேசினால் விமானி கையிலிருக்கும் எண்கள் மாறாது. எடையைக் குறைத்துச் சொல்வது நம்மவர்களிடம் சாதாரணம். இந்த ஒரு இடத்தில் மட்டும் அது வேண்டாம். 2015 நவம்பர் 21 அன்று நியூசிலாந்தின் ஃபாக்ஸ் பனியாற்றில் சுற்றுலா ஹெலிகாப்டர் விழுந்து 7 பேர் இறந்தார்கள். வானிலை அந்தப் பயணத்துக்கு ஏற்றதாக இல்லை என்பதோடு, வண்டி எடை வரம்பைத் தாண்டியிருந்ததும் விசாரணையில் வெளிவந்தது.

முன் இருக்கையை வீட்டுப் பெரியவருக்கு விடுவது நம் பண்பாடு. ஹெலிகாப்டரில் அதையும் எடைமேடைதான் முடிவு செய்யும். முன்னால் கனம் கூடினால் மூக்கு தாழும். அளவுக்கு மீறித் தாழ்ந்தால் விமானி கைப்பிடியை எவ்வளவு பின்னுக்கு இழுத்தாலும் நிமிராது. ஆகவே யார் எங்கே என்பதில் வாதாட வேண்டாம்.

மலையில் இறங்குவதும் கிளம்புவதும் தனி வித்தை. தரைக்கு அருகில், ஏறத்தாழ ரோட்டர் வட்டத்தின் குறுக்களவு உயரத்துக்குள், கீழே தள்ளிய காற்று தரையில் முட்டி மெத்தை போலத் தாங்கும். எச்125 ரோட்டரின் குறுக்களவு 10.69 மீட்டர். அந்த மெத்தை இருக்கும்போது குறைந்த பலத்திலேயே அந்தரத்தில் நிற்கலாம். முகடு, சரிவு, விளிம்பு ஆகிய இடங்களில் காற்று பக்கவாட்டில் வழிந்தோடிவிடுவதால் மெத்தை பாதியாகிவிடும். கிளம்பும் முன் விமானி ஐந்தடி உயரத்தில் ஒரு கணம் நிறுத்திப் பார்ப்பதைக் கவனிக்கலாம். எஞ்சினில் இன்னும் எவ்வளவு பலம் மிச்சம் என்று அப்போதுதான் அளக்கிறார். மிச்சம் போதவில்லையென்றால் திரும்ப இறக்கி ஒருவரை இறங்கச் சொல்வார். அப்படி இறங்கச் சொல்லும் விமானி தன் வேலையைச் சரியாகச் செய்கிறார்.

பலத்தின் எல்லையில் முதலில் கை விடுவது பெரும்பாலும் வால் விசிறி. பெரிய ரோட்டர் ஒரு பக்கம் சுழல, உடல் எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது வால் விசிறிதான். மெலிந்த காற்றில் அதன் பிடியும் தளரும். அந்நேரம் காற்று தப்பான பக்கத்திலிருந்து அடித்தால் வண்டி தட்டாமாலை சுற்றிவிடும். எனவேதான் விமானிகள் எப்போதும் காற்றுக்கு எதிர்முகமாக இறங்குவார்கள். இறங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பள்ளத்தாக்கை நோக்கி விழுந்து தப்பும் வழி ஒன்றையும் வைத்திருப்பார்கள்.

பயணிகளை அதிகம் பதற வைக்கும் காட்சி இன்னொன்று. பள்ளத்தாக்கின் நடுவில் இவ்வளவு இடம் இருக்க, விமானி ஏன் பாறைச் சுவரை ஒட்டியே போகிறார்? நடுவில் போனால் திரும்புவதற்கு இருபுறமும் பாதி பாதி இடம்தான். ஓரமாகப் போனால் பள்ளத்தாக்கின் முழு அகலமும் திரும்பக் கிடைக்கும். காற்று மலைமேல் ஏறுகிற பக்கத்தை ஒட்டிப் போனால் அது வண்டியைத் தூக்கியும் கொடுக்கும். மறுபக்கத்தில் காற்று கீழே கொட்டும், சுழலும். முகட்டைத் தாண்டும்போது நேராகப் பாயாமல் சாய்வாக நெருங்குவதும், வேண்டாமென்று பட்டால் சட்டென்று விலகிக்கொள்ளத்தான்.

இப்போது நேரம். காலையில் வெயில் சரிவுகளைச் சுட்டதும், பள்ளத்தாக்கின் காற்று மலையேறத் தொடங்கும். ஈரத்தையும் சுமந்துகொண்டு ஏறும். மேலே குளிர்ந்து மேகமாகும். பத்து, பதினொரு மணிக்குள் பல பள்ளத்தாக்குகளுக்கு மூடி போட்டாற்போல ஆகிவிடும். மழைக்காலத்தில் காலையிலேயே அந்த மூடி இருக்கும். நேபாளப் பக்கம் அக்டோபர், நவம்பரும் மார்ச் முதல் மே வரையும் நல்ல காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை திட்டமிடவே வேண்டாம் என்பதுதான் எங்கள் தீர்மானமான கருத்து.

இந்த ஹெலிகாப்டர்கள் கண்ணை நம்பிப் பறப்பவை. மேகத்துக்குள் நுழைந்தால் சில நொடிகளிலேயே காதுக்குள் இருக்கும் சமநிலை உணர்வு ஏமாற்றத் தொடங்கும். நிமிர்ந்து பறப்பதாக விமானி நினைப்பார், வண்டி சாய்ந்திருக்கும். சமவெளியில் சமாளிக்க உயரம் கிடைக்கும். குறுகிய பள்ளத்தாக்கில் எல்லாப் பக்கமும் பாறை. கேதார்நாத் தடத்தில் 2022 அக்டோபர் 18 அன்று கருட் சட்டி அருகே மோசமான பார்வைத்தெளிவில் ஹெலிகாப்டர் விழுந்து 7 பேர் இறந்தார்கள். தமிழகத்திலிருந்து போன யாத்ரிகர்களும் அதில் இருந்தார்கள். 2025 ஜூன் 15 அன்று கௌரிகுண்ட் அருகே அதிகாலையில் விழுந்த ஹெலிகாப்டரில் குழந்தை உட்பட 7 பேர் இறந்தார்கள். அது நடந்தது அதிகாலை என்பதைக் கவனிக்க வேண்டும். விடியற்காலை நல்ல நேரம்தான். ஆனால் பள்ளத்தாக்கில் மேகம் நிற்கிறதா இல்லையா என்பதற்குக் கடிகாரம் பொறுப்பேற்காது.

"இன்று பறக்க முடியாது" என்று அவர்கள் சொன்னால் வாக்குவாதம் செய்யாமல் இருக்க, நம் கையில் நாள் இருக்க வேண்டும். காரைக்குடியிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு மதுரை அல்லது திருச்சி விமான நிலையம், அங்கிருந்து சென்னை அல்லது டெல்லி, பிறகு காட்மாண்டு என்று மூன்று கண்ணி. திரும்பும் டிக்கெட்டை ஹெலிகாப்டர் நாளுக்கு மறுநாளே போட்டுவிட்டால், நம் அவசரம் விமானியின் தலையில் ஏறும். இரண்டு நாளாவது இடைவெளி விடுங்கள். ரத்தானால் பணம் எப்படித் திரும்பும், பாதி வழியில் வானிலை கெட்டுத் திரும்பினால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நேபாளத்துக்கு விமானத்தில் போகப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பயணக் காப்பீடு எடுத்தால் அது எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும் என்ற வரியைத் தேடிப் படிக்க வேண்டும்.

கேதார்நாத் ஹெலிகாப்டரையும் இயற்கை பார்க்கும் பறப்பையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. குப்தகாசி, ஃபாட்டா, சிர்சி தளங்களிலிருந்து போவது பேருந்து நடை மாதிரி. ஃபாட்டாவிலிருந்து பத்து நிமிடம்கூட ஆகாது. யாத்திரைப் பதிவு எண் எடுத்த பிறகு ஐஆர்சிடிசியின் ஹெலியாத்ரா தளத்தில் புக் செய்ய வேண்டும். கைப்பைக்கும் உடல் எடைக்கும் வரம்பு உண்டு. எடை கூடினால் கட்டணமும் கூடும். பனியாற்றைச் சுற்றிக் காட்டும் வேலை அதில் கிடையாது. எவரெஸ்ட் பயணத்திலும் கால் வைப்பது காலா பத்தர் என்ற பாறை முகட்டில்தான். கும்பு பனியாறு கீழே தெரியும், மிதிக்க முடியாது. பனிக்கட்டியின் மேலேயே இறங்கி நிற்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் நியூசிலாந்து, அலாஸ்கா மாதிரி இடங்களைத்தான் பார்க்க வேண்டும். நியூசிலாந்தின் ஃபிரான்ஸ் ஜோசப் பனியாற்றில் 2012 முதல் நடந்து ஏறும் வழி இல்லை. பனியாறு பின்வாங்கி, ஓரங்கள் சரியத் தொடங்கியதால் ஹெலிகாப்டர் ஒன்றே வழி என்றாகிவிட்டது.

பனியில் இறங்கும்போது நடப்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தால் பயம் குறையும். ரோட்டர் காற்று புதுப்பனியைக் கிளப்பி, சில நொடிகள் கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாமல் செய்துவிடும். அந்த நொடிகளில் விமானி ஒரு பாறையையோ, கொடியையோ, ஏற்கெனவே நிற்கும் ஆளையோ பார்வையில் பிடித்துக்கொண்டு இறக்குவார். மேகமூட்டமான நாளில் பனிமேல் நிழலே விழாது. மேடும் பள்ளமும் ஒன்றாகத் தெரியும். பத்து மீட்டர் உயரமா நூறு மீட்டரா என்று கணிக்க முடியாது. அப்படிப்பட்ட நாளில் பனியாற்றில் இறங்காமல் திரும்பினால் பணம் வீண் என்று நினைக்கக் கூடாது. பனிச்சறுக்குப் பலகை போல அகன்ற தட்டுகளைக் கால்களில் மாட்டியிருப்பார்கள், புதையாமல் இருக்க. தொட்ட பிறகும் விமானி சிறிது நேரம் பலத்தைக் குறைக்காமல் வைத்திருப்பார். அடியில் பனி மூடிய வெடிப்பு இருந்தால் மீண்டும் எழும்ப வேண்டுமே! கை காட்டும்வரை பெல்ட்டைக் கழற்றாதீர்கள்.

ஏறுவது, இறங்குவது பெரும்பாலும் ரோட்டர் சுற்றிக்கொண்டிருக்கும்போதே நடக்கும். உயரத்தில் எஞ்சினை அணைத்தால் திரும்பப் பற்றுமா என்ற சந்தேகமே அதற்குக் காரணம். ஆகவே உடை விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். கண்டாங்கிச் சேலையின் முந்தானையும் தோளில் கிடக்கும் அங்கவஸ்திரமும் ரோட்டர் காற்றில் ஒரு நொடியில் பறந்துவிடும். அது வால் விசிறியில் சிக்கினால் வண்டியே போச்சு. ஆச்சிமார் அன்று ஒரு நாள் சுடிதாரும் மேலே இறுக்கமான ஜாக்கெட்டும் போட்டுக்கொள்வது நல்லது. ஐயாமார் வேட்டியைத் தங்கும் அறையிலேயே விட்டுவிடலாம். தொப்பி தலையில் வேண்டாம், பையில் இருக்கட்டும். எப்போதும் விமானியின் கண்ணுக்குத் தெரியும்படி முன்பக்கமாகக் குனிந்து வாருங்கள். வால் பக்கம் போகவே கூடாது. சுற்றும் வால் விசிறி கண்ணுக்குத் தெரியாது. சரிவில் நின்றால் மேட்டுப் பக்கத்திலிருந்து நெருங்காதீர்கள். அந்தப் பக்கம் தரைக்கும் இறக்கைக்கும் இடையே இடைவெளி குறைவு. செல்ஃபி குச்சியைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது.

உடம்பைப் பற்றி. காட்மாண்டிலிருந்து சில மணி நேரத்தில் 5,500 மீட்டர் உயரத்துக்கு ஏறிவிடுகிறோம். காற்றழுத்தம் அங்கே பாதி. மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் பிராணவாயுவும் பாதி. மலைநோயின் தலைவலியும் வாந்தியும் வர வழக்கமாகச் சில மணி நேரம் பிடிக்கும் என்பதால், பத்து நிமிடம் நின்றுவிட்டு இறங்குகிறவர்கள் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறார்கள். ஆனால் பிராணவாயுக் குறைவு உடனே தெரியும். உதடு நீலம் பாரிக்கும், கால் பின்னும், காரணமில்லாமல் சிரிப்பு வரும். அங்கே வேகமாக நடப்பதும், படத்துக்காகக் குதிப்பதும் கூடாது. இருதய அடைப்பு, நுரையீரல் நோய், கடுமையான சோகை, சமீபத்தில் அறுவை சிகிச்சை உள்ளவர்கள் டாக்டரிடம் "5,500 மீட்டர்" என்று எண்ணைச் சொல்லியே கேட்க வேண்டும். "மலைக்குப் போகிறோம்" என்றால் அவர் கொடைக்கானலை நினைத்துக்கொள்வார். வண்டியில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா, முகமூடி வேலை செய்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். கேதார்நாத்தில் சிக்கல் வேறு மாதிரி. வானிலை கெட்டுத் திரும்பும் பறப்பு ரத்தானால் இரவு அங்கேயே தங்க நேரும். மலைநோய் வர அந்த ஓர் இரவு போதும். இரண்டு நாள் மாத்திரையும் கம்பளி உடையும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

கண்ணாடி அவசியம். புதுப்பனி தன்மேல் விழும் வெளிச்சத்தில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அடிக்கும். ஆனால் போலராய்டு கண்ணாடி போட்டால் ஹெலிகாப்டரின் பிளாஸ்டிக் ஜன்னலில் வானவில் பட்டைகள் தெரியும். கேமரா வடிகட்டிக்கும் இதே கதி. கறுப்புச் சட்டை போட்டால் ஜன்னலில் நம் பிம்பம் விழாது, படம் தெளிவாக வரும்.

கீழே என்ன தெரியும் என்று தெரியாமல் போகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றம்தான். கும்பு பனியாற்றின் கீழ்ப்பகுதி வெள்ளையாகவே இருக்காது. கல்குவாரியைக் கிளறிப் போட்டது மாதிரி சாம்பல் நிறத்தில் கல்லும் மண்ணும். அதற்கு அடியில்தான் பனிக்கட்டி. ஆங்காங்கே ஊருணி போலக் குட்டைகள், சில பால் கலந்த பச்சை. நம் ஊருணிக்குக் கரை கல்லும் மண்ணும், அங்கே கரையும் பனிக்கட்டி, உருகிக்கொண்டே இருக்கும். கரை உடைந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கேதார்நாத்தே சாட்சி. 2013 ஜூனில் கோயிலுக்கு மேலே சோராபாரி பனியாற்றை ஒட்டியிருந்த ஏரி உடைந்துதான் வெள்ளம் ஊருக்குள் பாய்ந்தது.

கல் மூடிய பகுதியைத் தாண்டி மேலே போனால் பனியருவி. செங்குத்துப் பாறைமேல் பனியாறு இறங்கும்போது வளைய முடியாமல் நொறுங்கி, வீடு வீடாகப் பிளந்து நிற்கும். கும்பு பனியருவி ஒரு நாளைக்கு ஒரு மீட்டர் போல நகர்கிறது. வெடிப்புகளுக்குள் எட்டிப் பார்த்தால் நீலம் தெரியும். மேலே விழுந்து சேர்ந்த பனி பல்லாண்டு அழுந்தி, காற்றுக் குமிழ்கள் நசுங்கி இறுகிப்போன கட்டி அது. வெளிச்சத்தின் சிவப்பை உறிஞ்சிக்கொண்டு நீலத்தை விட்டுவிடும். இரண்டு பனியாறுகள் கூடும் இடத்தில் ஒவ்வொன்றின் ஓரத்துக் கல்லும் ஒட்டி, நடுவில் கறுப்புக் கோடாக நீளும். சேலையில் கரை ஓடுவது மாதிரி இருக்கும். எத்தனை கோடு என்று எண்ணி ஒன்றைக் கூட்டினால், மேலே எத்தனை பனியாறு சேர்ந்தது என்று சொல்லிவிடலாம்.

இதையெல்லாம் பார்க்க ஜன்னலோரம் வேண்டும் என்று சண்டை போடத் தேவையில்லை. போன வழியே திரும்பும்போது, அதே இருக்கையிலிருந்து பள்ளத்தாக்கின் மறுசுவர் தெரியும். பின்வரிசையின் நடுவில் மாட்டிக்கொள்கிறவர்களுக்குத்தான் இரண்டு பக்கமும் தோள் மறைக்கும். எடை ஒத்துவந்தால் லுக்லாவில் எரிபொருள் போடும்போது இடம் மாற்றித் தரும்படி விமானியிடம் கேட்டுப் பாருங்கள்.